கேமராவைக் கீழே போடுடா!

பேய்ப் படத்துக்கு ஒவ்வொரு ஊர்க்காரரும் ஒவ்வொரு விதமாகக் கத்துவார்கள். ஆனால், கதாபாத்திரங்களே கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற படங்களுக்கு மட்டும் எல்லா ஊரிலும் ஒரே கேள்விதான்: “உயிர் போற நேரத்துல எவனாவது கேமராவைப் பிடிச்சுக்கிட்டு இருப்பானா?” தமிழில் கேட்டிருக்கிறேன், ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறேன். ஒருமுறை என் பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி ஸ்பானிஷில் கேட்டார். கேமரா என்ற சொல்லைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ என்று பெயர் வாங்கிவிட்ட இந்தப் படங்களின் கதை ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். சிலர் எதையோ படம்பிடிக்கப் போவார்கள், திரும்ப மாட்டார்கள், அவர்கள் எடுத்த பதிவு மட்டும் யார் கையிலாவது கிடைக்கும். அதனாலேயோ என்னவோ, எனக்குத் திரையைவிடப் பக்கத்து இருக்கையின் மேல்தான் எப்போதும் ஒரு கண்.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டது 2000-இல், கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில். சென்னைக்குப் போய்வந்த அறைத்தோழன் பர்மா பஜாரிலிருந்து ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ விசிடி வாங்கிவந்திருந்தான். இரண்டு தட்டு. “அமெரிக்காவுல மூணு பேரு நெஜமாவே காட்டுக்குள்ள காணாமப் போயிட்டாங்களாம் மச்சான். அவங்க எடுத்த வீடியோதான் இது” என்றான். அமெரிக்காவில் 1999 ஆகஸ்டிலேயே அந்த மூன்று நடிகர்களும் ‘நியூஸ்வீக்’ அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் விடுதிக்கு வதந்தி மட்டும் வந்து சேர்ந்தது, அதை மறுக்கும் செய்தி வரவில்லை. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஒன்றின் முன்னால் கட்டிலிலும் தரையிலும் ஜன்னல் திண்டிலுமாக அடைந்துகொண்டு பார்த்தோம்.

அது கேமரா பிரிண்ட். எங்கோ ஒரு தியேட்டரில் எவனோ மடியில் கேமராவை ஒளித்துவைத்துத் திரையைப் பிடித்தது. அதனால் எங்களுக்குப் படத்தோடு அந்தத் தியேட்டரும் சேர்ந்தே கிடைத்தது. கீழ் ஓரத்தில் தலைகள். நடுவில் ஒரு தலை எழுந்து இடமிருந்து வலமாகப் போனது, வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது. முதலில் சிரிப்புச் சத்தம், பிறகு பாப்கார்ன் சத்தம், இரண்டாவது தட்டின் பாதியில் அதுவும் நின்றுபோனது. படத்துக்குள்ளே படம்பிடிக்கிறவர்கள் மூன்று பேர் என்றால், அதைத் திருடிப் பிடித்தவன் நான்காவது ஆள். எந்த ஆட்டம் காட்டுக்குள் ஓடியவர்களுடையது, எது கை வலித்து மாற்றிப் பிடித்தவனுடையது என்று எங்களால் பிரிக்கவே முடியவில்லை. கூடாரம் குலுங்கும் இடத்தில் திரைச்சட்டமே சரிந்து எதிர் இருக்கையின் முதுகைக் காட்டியது. அவனும் பயந்துவிட்டான் என்றுதான் அன்று எல்லோரும் முடிவுகட்டினோம்.

படத்தின் கடைசிக் காட்சியில் ஒரு பாழடைந்த வீட்டின் நிலவறையில், மைக் என்பவன் மூலையில் சுவரைப் பார்த்து நிற்பான். கேமரா விழும். முடிந்தது. அந்த அமெரிக்கத் தியேட்டரில் ஒரு குரல் “இவ்வளவுதானா?” என்கிற பொருளில் ஆங்கிலத்தில் கத்தியது, அதைத் தொடர்ந்து ஒரு வசை. எங்கள் அறையிலும் அதே நேரம் அதே கூச்சல். “பேயைக் காட்டவே இல்லையேடா, இதுக்கு நம்ம ‘மைடியர் லிசா’ எவ்வளவோ தேவலாம்” என்றான் திருச்சிக்காரன் ஒருவன். ஒருவன் ஏன் மூலையில் நிற்கவேண்டும் என்பதற்கான விளக்கம் படத்தின் தொடக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர் தரும் பேட்டியில் இருக்கிறது: முன்பொரு கொலைகாரன் ஒரு பிள்ளையை மூலையில் நிறுத்திவிட்டு இன்னொரு பிள்ளையைக் கொல்வான். எங்கள் பிரிண்டில் அந்தப் பேட்டி பாப்கார்னில் கரைந்துபோயிருந்தது. ஆகவே நாங்கள் பார்த்தது, வாத்தியார் இல்லாத இடத்தில் ஒருவன் தண்டனை வாங்கி நிற்பதைத்தான். அதற்குப் பிறகு பல நாள், கரண்ட் போனால் விடுதியில் எந்த அறை மூலையிலும் எவனாவது ஒருவன் சுவரைப் பார்த்து நிற்பான். டார்ச்சோடு வந்த வார்டன் ஒருநாள் அப்படி நின்றவனைப் பார்த்துக் கேட்டார்: “உன்னை யாருப்பா நிக்கச் சொன்னது?” பதில் வரவில்லை. அவர் கொஞ்சம் வேகமாகவே திரும்பிப் போனார்.

பின்னாளில்தான் அந்தப் படம் எடுக்கப்பட்ட விதத்தைப் படித்தேன். டேனியல் மைரிக், எதுவார்தோ சான்செஸ் என்ற இரு இயக்குநர்கள். மேரிலாண்ட் மாநிலக் காட்டில் எட்டு நாள் படப்பிடிப்பு. நடிகர்கள் கையில்தான் கேமரா. அன்றன்றைக்கு என்ன செய்யவேண்டும் என்பதை ஃபிலிம் டப்பாக்களில் சீட்டாகப் போட்டு வைத்துவிடுவார்கள், சாப்பாட்டை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே போவார்கள், ராத்திரி கூடாரத்தைக் குலுக்குவார்கள். அந்த எரிச்சலில் பாதி நடிப்பே இல்லை. படம் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நடிகர்களின் பெயரிலேயே ‘காணவில்லை’ நோட்டீஸ் அடித்து விளம்பரம் செய்ததால், அதில் நடித்த ஹெதர் டோனஹ்யூவின் அம்மாவுக்கு முகம் தெரியாதவர்கள் அனுதாபக் கடிதம் எழுதினார்கள். மகள் உயிரோடிருக்கிறாள் என்று தெரிந்ததும் அதே ஜனம் அவளைத் திட்ட ஆரம்பித்தது. அந்த ஆண்டின் மோசமான நடிகை என்று ராஸி விருதும் கொடுத்தார்கள். எனக்கு இதில் இன்றுவரை ஆறவில்லை. படத்துக்குள்ளேயே கூட வந்த இருவரும் அவளிடம் கேமராவை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். லென்ஸ் வழியாகப் பார்த்தால் எதுவும் முழு நிஜமாகத் தெரியாது, அதனால்தான் அதை விடாமல் பிடித்திருக்கிறாய் என்று ஒருவன் அவளிடமே சொல்கிறான். எங்கள் விடுதி கேட்ட கேள்வியை அந்தப் படமே கேட்டு, அதற்குப் பதிலும் சொல்லியிருந்தது. நாங்கள்தான் பேய் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து 2008 ஜனவரி, ஜெர்சி சிட்டி. அப்போது நான் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூ ஜெர்சி, அந்தப் பக்கம் மன்ஹாட்டன். அதற்கு முந்தைய கோடையில் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ படத்துக்கு முன்னால் பெயரில்லாத ஒரு டிரெய்லர் ஓடியது. ஒரு வீட்டு விருந்து, மாடியில் கூட்டம், தூரத்தில் வெடிப்பு, பறந்து வந்து தெருவில் உருளும் சுதந்திர தேவி சிலையின் தலை. பிறகு 1-18-08 என்று தேதி மட்டும். ஜே.ஜே. ஆப்ரம்ஸ் தயாரிப்பு, மேட் ரீவ்ஸ் இயக்கம் என்பதும், ‘குளோவர்ஃபீல்ட்’ என்ற பெயரும் நிலைபெறுவதற்குள் ஆபீஸில் ஆளுக்கொரு கதை கட்டியிருந்தார்கள். காட்ஸில்லாதான் என்று பந்தயம் கட்டியவர்களும் உண்டு.

மால் ஒன்றின் மாடியில் இருந்த தியேட்டர். டிக்கெட் கவுன்டர் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: இந்தப் படத்தைப் பார்த்தால் ரோலர் கோஸ்டரில் போவதுபோல் தலை சுற்றலாம் என்று எச்சரிக்கை. எங்கள் கூட்டத்தில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. முதலில் எழுந்து போனவர் நண்பர் ஒருவரின் மனைவி. அதுவும் பூதம் வருவதற்கு வெகு முன்னால், விருந்துக் காட்சியிலேயே. கண், ஆடுகிறோம் என்கிறது. உள்காது, உட்கார்ந்துதானே இருக்கிறோம் என்கிறது. இந்த வழக்கில் தீர்ப்பு வயிற்றில் சொல்லப்படுகிறது. நண்பர் வெளியே ஓடிப்போய்க் குளிர்பானக் கடையில் கெஞ்சி எலுமிச்சைத் துண்டுகள் வாங்கிவந்தார். அந்தப் பெண் லாபி சோபாவில் அதை மோந்தபடி படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்துவந்து உட்கார்ந்த நண்பருக்குக் கதை துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. “எனக்கென்னவோ அதுவே போதும்போல இருந்துச்சு” என்றார் பிறகு.

சிலையின் தலை விழுந்ததும் அதைச் சுற்றி நிற்பவர்கள் செல்போனை எடுத்துப் படம்பிடிப்பார்கள். அரங்கில் பெரிய சிரிப்பு. அதற்கடுத்து ஒரு கட்டடம் சரிந்து, மன்ஹாட்டன் தெருவை நிறைத்துக்கொண்டு சாம்பல் புழுதி உருண்டு வரும். எல்லோரும் ஒரு கடைக்குள் ஓடி ஒளிவார்கள். வெளியே வந்தால் ஆட்கள் வெள்ளையாக நடந்துகொண்டிருப்பார்கள். சிரித்த அரங்கம் அப்படியே அடங்கியது. எனக்கு முன்னால் ஒரு நடுவயதுத் தம்பதி சத்தமில்லாமல் எழுந்து வெளியேறினார்கள். அவர்களுக்குத் தலை சுற்றவில்லை என்று நடையிலேயே தெரிந்தது. அந்த ஊர்க்காரர்களில் பலர் 2001 செப்டம்பர் 11 காலையில் ஆற்றங்கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர்கள். நாங்கள் தினமும் ஏறும் பாத் ரயில், 2008-இலும் அந்த இரட்டைக் கோபுரங்கள் நின்ற குழியைச் சுற்றிக்கொண்டுதான் நிலையத்துக்குள் நுழையும்.

எங்கள் தமிழ்க் கூட்டத்தில் அன்றிரவு வழக்கமான விசாரணை நடந்தது. ஏழு மணி நேரம் எந்த பேட்டரி தாங்கும்? தொடக்க எழுத்தில் எஸ்டி கார்டு என்று போட்டுவிட்டு, பழைய பதிவு நடுநடுவே எட்டிப்பார்ப்பதுபோல் காட்டினால் எப்படி? டேப்பில்தானே அப்படி நடக்கும்? மென்பொருள்காரர்கள் பார்க்கிற படத்துக்குப் பூதத்தைவிடப் பெரிய ஆபத்து மென்பொருள்காரர்கள்தான். பிறகு ஒருவர் அந்தக் கேள்வியையும் கேட்டார், கேமராவைப் போட்டுவிட்டு ஓட மாட்டானா என்று. எங்களோடு வந்திருந்த அமெரிக்க சகா, எங்களைவிட மூத்தவர், இத்தாலிய வழிக் குடும்பம், அந்த ஊரிலேயே பிறந்தவர், பீட்சாவை மடித்துக்கொண்டே சொன்னார்: அன்றைக்குக் கரையில் கேமரா வைத்திருந்த யாரும் அதைக் கீழே இறக்கவில்லை, நானும் இறக்கவில்லை. எடுத்த படங்களை இதுவரை கழுவிப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். எஸ்டி கார்டு விவாதம் அதோடு நின்றது.

அவர் சொல்லித்தான் நோதே சகோதரர்களின் ஆவணப்படத்தைத் தேடிப் பார்த்தேன். ஜூல்ஸ், ஜெதியோன் என்று இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். நியூயார்க் தீயணைப்பு நிலையம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த இளைஞனைப் பற்றிப் படம் எடுக்க வந்தவர்கள். செப்டம்பர் 11 காலை கேஸ் கசிவு ஒன்றைச் சோதிக்கப் போன வீரர்களோடு தெருவில் நின்ற ஜூல்ஸ், தலைக்கு மேல் சத்தம் கேட்டுக் கேமராவைத் திருப்பினார். முதல் விமானம் கோபுரத்தில் மோதும் தெளிவான காட்சி அப்படித்தான் கிடைத்தது. வீரர்களோடு கோபுரத்தின் வரவேற்புக் கூடத்துக்குள்ளும் போனார். உள்ளே நுழைந்ததும் எரிந்துகொண்டிருந்த மனிதர்களைப் பார்த்ததாகவும், அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவில்லை என்றும் அவரே சொல்லியிருக்கிறார். பில் பிகார்ட் என்ற புகைப்படக்காரர் அன்று திரும்பவில்லை. இரண்டாவது கோபுரம் சரிந்தபோது இறந்தார். இடிபாட்டிலிருந்து மீட்ட அவருடைய கேமராவில் படங்கள் பத்திரமாக இருந்தன. இந்த இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகு, ‘எவனாவது பிடிச்சுக்கிட்டு இருப்பானா’ என்பதை என்னால் கேலியாகச் சொல்ல முடியவில்லை. பிடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். 2004 டிசம்பரில் விடுதி பால்கனிகளிலிருந்து எடுக்கப்பட்டு நம் வீட்டுத் தொலைக்காட்சிகளில் மாறிமாறி ஓடிய சுனாமி வீடியோக்களை யார் எடுத்தார்கள்? எப்போது திருப்பிக்கொள்வது என்பதில்தான் நிஜக் கேமராக்காரனும் சினிமாக்காரனும் பிரிகிறார்கள். சினிமாவில் திருப்பிக்கொண்டால் டிக்கெட் காசைத் திரும்பக் கேட்பார்கள்.

கேட்கவும் செய்தார்கள். ‘குளோவர்ஃபீல்ட்’ முடிந்ததும் எங்கள் அரங்கில் ஊளை. சென்ட்ரல் பார்க்கில் ஒரு பாலத்தடியில் காதலர்கள் மேல் குண்டு விழுகிறது, பூதம் என்ன ஆனது, எங்கிருந்து வந்தது, ஒன்றும் இல்லை. படம் வெளியான முதல் இரவுகளில் வாசலிலேயே சீட்டுக் கொடுத்து மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் அங்கே உண்டு. ‘பிளேர் விட்ச்’ வாங்கியது சி பிளஸ், இது வாங்கியது சி. வசூல் மட்டும் 17 கோடி டாலர். திட்டிக்கொண்டே கூட்டம் வெளியேறிய வேகத்தில், எழுத்து ஓடும்போது வரும் மைக்கேல் ஜியாக்கினோவின் இசையைக் கேட்க ஆளில்லை. படம் முழுக்கப் பின்னணி இசை கிடையாது. பழைய ஜப்பானியப் பூதப் படங்களுக்கு வணக்கம் சொல்லும் அந்த ஒரே இசைத்துண்டு, காலி இருக்கைகளுக்கு வாசிக்கப்பட்டது. பாட்டு வந்தால் எழுந்து போவது நம் ஊர் வழக்கம் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யை 2009-இல் நள்ளிரவுக் காட்சியில் பார்த்தது தனி அனுபவம். ஓரென் பெலி தன் வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்த படம். இரவுக் காட்சிகளில் கேமரா கட்டிலின் எதிரே முக்காலியில் நிற்கும், அசையாது. எனவே யாருக்கும் வாந்தி வரவில்லை. பதிலுக்கு எல்லோரும் படத்தோடு பேச ஆரம்பித்தார்கள். தூங்குபவர்களை வேகமாக ஓட்டிக் காட்டும்போது சலசலப்பு இருக்கும். மூலையில் ஓடும் கடிகார எண்கள் சட்டென்று நிதானத்துக்கு வந்தால், ஏதோ வரப்போகிறது என்று நொடியில் கற்றுக்கொண்டு அரங்கமே மூச்சைப் பிடிக்கும். கதவு ஒரு சாண் அசைந்ததற்கு அவ்வளவு அலறலை நான் எங்கும் கேட்டதில்லை. அந்த அலறலையே இருட்டில் படம்பிடித்து டிரெய்லராக வெளியிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவனும் கத்தக் கற்றுக்கொண்டு வந்தான். 2012-இல் ‘தி டெவில் இன்சைட்’ வந்தபோது இந்தச் சாமர்த்தியம் அளவு மீறிவிட்டது. படம் உச்சத்தில் அறுந்து, மேற்கொண்டு அறிய இந்த இணைய முகவரிக்குப் போங்கள் என்று திரையில் எழுத்து வந்தது. சினிமாஸ்கோரில் எஃப். நான் இருந்த காட்சியில் ஒருவர் குடித்து முடித்த கோக் டம்ளரைத் திரை மேல் வீசினார். அது நியாயமான விமர்சனம் என்றே இன்னும் நினைக்கிறேன்.

இத்தனைக்கும் நடுவே, இந்த வகைப் படத்தை நான் பார்த்தவர்களிலேயே சரியாகப் பார்த்தவர் என் அம்மா. ஜெர்சிக்கு வந்திருந்த ஒரு குளிர்காலத்தில், வெளியே போக வழியில்லாமல், என்னோடு உட்கார்ந்து ‘ட்ரோல்ஹன்டர்’ பார்த்தார். ஆந்த்ரே ஓவ்ரெதால் இயக்கிய 2010-ஆம் ஆண்டு நார்வேப் படம். கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு வேட்டைக்காரனைப் படம்பிடிக்கப் போகிறார்கள். அவன் வேட்டையாடுவது, பாட்டிக் கதைகளில் வரும் ‘ட்ரோல்’ என்னும் மலைப்பூதங்களை; அதுவும் அரசாங்கச் சம்பளத்தில், ஒவ்வொரு பூதத்தைக் கொன்ற பிறகும் ஒரு படிவம் நிரப்பவேண்டிய சலிப்போடு. நாட்டின் குறுக்கே போகும் உயர் அழுத்த மின்கம்பிகள் உண்மையில் பூதங்களை அடைத்துவைக்கும் வேலி என்று ஒரு விளக்கம் வரும். அம்மா உடனே ஏற்றுக்கொண்டார். “நம்ம ஊர்ல காட்டுப்பன்னிக்குப் போடுறாப்ல. ஆளும் சாவான், கேசும் வரும்.”

அம்மாவின் கவலையெல்லாம் திரையில் தெரியாத ஒருவனைப் பற்றி. “அந்தப் புடிக்கிற பையன் யாருடா? மத்தவனெல்லாம் சாப்புடுறான், அவன் சாப்புடவே இல்லையே.” அத்தனை வருடத்தில் என்னோடு இந்தப் படங்களைப் பார்த்த எவரும் அப்படிக் கேட்டதில்லை. அந்தப் பூதங்கள் கிறிஸ்தவரின் ரத்தத்தை மோப்பம் பிடிக்கும். கேமராக்காரன் தான் விசுவாசி என்பதை மறைத்துக் குகைக்குள் போவான், பயத்தில் வியர்த்துக் கொட்டும், செத்துப்போவான். படம் நிற்காது, புதிதாக ஒரு கேமராக்காரி வந்துசேர்வாள், அவள் முஸ்லிம். அவளைப் பூதம் என்ன செய்யும் என்று வேட்டைக்காரனுக்கே நிச்சயமில்லை. நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. “செத்தவனுக்கு ஒரு நிமிஷம் யாரும் அழலையே, அதுக்குள்ள இன்னொருத்தியைக் கூட்டியாந்துட்டாங்க” என்றார். கொஞ்சம் கழித்து, “நம்மளை மோந்து பாத்தா விட்டுடுமாடா?” என்றும் கேட்டார்.

பூதத்தின் மேலும் அவருக்குக் கோபமில்லை. அவற்றுக்கு வெறிநாய்க்கடி நோய் பரவியிருக்கிறது, அதனால்தான் வேலி தாண்டி வருகின்றன என்று கால்நடை மருத்துவர் சொல்லும்போது உச்சுக்கொட்டினார். பூதத்துக்காக வருந்துவது ஒன்றும் புதிதல்ல. 1954-இல் வந்த முதல் காட்ஸில்லாவே ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கடலடியிலிருந்து கிளப்பிவிடப்பட்ட பிராணிதான். ‘குளோவர்ஃபீல்ட்’ பூதம்கூட அம்மாவைத் தேடி மிரண்டு ஓடும் ஒரு குட்டி என்று மேட் ரீவ்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதை நான் சொன்னதும், அப்படியானால் அதையும் போடு பார்க்கலாம் என்றார் அம்மா. விருந்துக் காட்சியிலேயே கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

‘ட்ரோல்ஹன்டர்’ கடைசியில் நார்வேயின் அப்போதைய பிரதமர் யென்ஸ் ஸ்டோல்டன்பர்க், நிஜமான பிரதமரே, பத்திரிகையாளர்கள் முன் ட்ரோல் இருப்பதை ஒப்புக்கொள்வதுபோல் ஒரு துண்டு வரும். வட கடலில் ட்ரோல் என்ற பெயரில் பெரிய எரிவாயு வயல் ஒன்று உண்டு. அவர் அதைப் பற்றிப் பேசியதை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அம்மாவுக்கு இதை விளக்கினேன். தலையாட்டினார், நம்பிய மாதிரி தெரியவில்லை. ஸ்டோல்டன்பர்க் 2014-இல் நேட்டோவின் தலைமைச் செயலர் ஆனார். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபோது நம் ஊர்ச் செய்திகளிலும் அவர் முகம் அடிக்கடி வந்தது. ஒருநாள் இரவு ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று வழக்கமான விசாரிப்பு முடிந்ததும் சொன்னார்: “டேய், உன் ராட்சசப் படத்துல கடைசியா வந்தாரே ஒரு ஆளு, அவரு டிவில பேசிக்கிட்டிருக்காரு. நீ அப்ப என்னமோ கேஸுன்னு மழுப்புனியே, இப்ப எதுக்குடா இத்தனை பட்டாளத்தைக் கூட்டிவச்சுப் பேசுறாரு?”